எந்த பாட்டில், எவ்வளவு ஊத்தணும்? பவளத் தொட்டி வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வி எல்லாமே டோஸிங் பத்திதான், அதாவது பவளத் தொட்டித் தண்ணியில குறையுற சத்தை அளவா ஊத்தி ஈடுகட்டுறது. ஒவ்வொருத்தர் தொட்டியும் வேற, பிரச்சனையும் வேற, ஆனா நான் முதல்ல திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான்: ஊத்துறதுக்கு முன்னாடி அளந்து பாத்தீங்களா? அளக்காத எதையும் தொட்டியில ஊத்தக் கூடாதுன்னு நான் உறுதியா நம்புறேன், கீழ இருக்கிற பதில் எல்லாத்துலயும் அது வரும், சலிச்சுக்காதீங்க.

கேள்வி: சார், இப்பதான் ரீஃப் டேங்க் ஆரம்பிச்சிருக்கேன். 100 லிட்டர், உள்ள மஷ்ரூம், ஜோயான்தஸ், ஒரு லெதர் கோரல் அவ்ளோதான். கடையில கால்சியம், மெக்னீசியம், ஸ்ட்ரான்ஷியம், அயோடின், ட்ரேஸ் எலிமென்ட், அமினோ ஆசிட்னு வரிசையா பாட்டில் இருக்கு. எதை முதல்ல வாங்கணும்?

பதில்: இப்போதைக்கு ஒண்ணுமே வாங்காதீங்க. அந்த காசுக்கு ஒரு ஆல்கலினிட்டி (பவளம் எலும்பு கட்ட எடுக்கிற, தண்ணியில கரைஞ்ச கார்பனேட் சரக்கோட அளவு) டெஸ்ட் கிட், தண்ணியில உப்பளவு பாக்குற ஒரு ரிஃப்ராக்டோமீட்டர், அதை சரி பார்க்க 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு உப்பு) கேலிப்ரேஷன் திரவம், இந்த மூணையும் வாங்கி வைங்க. மஷ்ரூமுக்கும் ஜோயான்தஸுக்கும் கல்லு மாதிரி எலும்புக்கூடு கிடையாது, லெதருக்கு உடம்புக்குள்ள சின்னச் சின்ன சுண்ணாம்பு ஊசிங்க இருக்கும், அதுக்கு ஆகுற கால்சியம், ஆல்கலினிட்டி செலவு ரொம்ப கம்மி. நத்தை ஓடு, பாறையில படர்ற ஊதா நிற கோரலின் பாசி, இதுங்களும் கொஞ்சம் எடுத்துக்கும். நல்ல உப்பு போட்டு வாரம் 10 சதவீதம் தண்ணி மாத்தினா உங்க தொட்டிக்கு அதுவே போதும், பாட்டில்ல இருக்கிறதுல முக்கால்வாசி அந்த உப்புலயே இருக்கு.

ஆனா இது எப்பவுமே போதும்னு நினைச்சுடாதீங்க. நாளைக்கு நீங்க ஒரு ஹேமர், ஒரு டார்ச், அப்புறம் ஆசைப்பட்டு ஒரு மான்டிபோரான்னு வாங்குவீங்க, அதுங்க கல்லு எலும்பு கட்டுற ஜாதி, அப்ப தண்ணி மாத்துறது பின்தங்கிடும். ஏன்னு ஒரு கணக்கு சொல்றேன். தொட்டியில ஆல்கலினிட்டி 7 டிகேஹெச் (ஆல்கலினிட்டியை அளக்குற அலகு), புது உப்புத்தண்ணியில 8, நீங்க 10 சதவீதம் மாத்தினா தொட்டி 7.1தான் ஆகும், ஏன்னா இடைவெளியில பத்துல ஒரு பங்கைத்தான் நிரப்புறீங்க. பவளம் ஒரே நாள்ல அதை விட அதிகமா சாப்பிட்டா தண்ணி மாத்தி ஈடுகட்டவே முடியாது. அந்த நாள் எப்ப வருதுன்னு சொல்லப்போறது டெஸ்ட் கிட்தான், அதனாலதான் முதல்ல அதை வாங்கச் சொல்றேன்.

கேள்வி: அண்ணா, 200 லிட்டர் டேங்க், பாறை மணல் போக தண்ணி மட்டும் 180 லிட்டர் வரும். எல்பிஎஸ் (பெரிய பாலிப் கல் பவளம்) நிறைய, கொஞ்சம் எஸ்பிஎஸ் (சின்ன பாலிப் கல் பவளம்). ஆல்கலினிட்டி 8.4 இருந்தது மூணு நாள்ல 7.2 ஆயிடுச்சு. கால்சியம் 420, அதுல மாத்தமே தெரியல. அப்ப ஆல்கலினிட்டி மட்டும் போட்டா போதுமா? எவ்வளவு போடணும்?

பதில்: தம்பி, முதல்ல ஒரு சபாஷ், பாறை மணலைக் கழிச்சு தண்ணிக் கணக்கு வச்சிருக்கீங்க, நிறைய பேர் கண்ணாடிப் பெட்டி அளவையே போட்டு டோஸ் கணக்கு பண்ணி அதிகமா ஊத்திடுறாங்க.

கால்சியம் மாறவே இல்லைன்னு தோணுறதுக்குக் காரணம் இருக்கு. பவளத்தோட எலும்பு கால்சியம் கார்பனேட், அது கட்டும்போது கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் ஒரு நிலையான விகிதத்துலதான் எடுக்கும், 1 டிகேஹெச் இறங்கினா கூடவே கால்சியம் சுமார் 7 பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்குங்கற அலகு) இறங்கும். உங்களுக்கு இறங்கினது 1.2 டிகேஹெச், அப்ப கால்சியம் 8, 9 பிபிஎம் குறைஞ்சிருக்கும், ஆனா 420ல அந்த வித்தியாசத்தை வீட்டு டெஸ்ட் கிட்டுல நம்பிக்கையா பிடிக்க முடியாது. கடல் தண்ணியில கால்சியம் 410லேர்ந்து 420 பிபிஎம், ஆல்கலினிட்டி சுமார் 7 டிகேஹெச். அந்த 7 டிகேஹெச்சும் மொத்தமா தீர்ந்தாக்கூட கால்சியம் 50 பிபிஎம்தான் இறங்கியிருக்கும். கையிருப்பு எது சின்னதோ அதுதான் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும், அதனால வாரத்துல ரெண்டு மூணு தடவை ஆல்கலினிட்டி பாருங்க, கால்சியம் வாரம் ஒருக்கா, மெக்னீசியம் மாசம் ஒண்ணு ரெண்டு தடவை போதும்.

அதனால ரெண்டுமே போடணும். ஆல்கலினிட்டி மட்டும் போட்டுட்டே வந்தா ஒரு மாசத்துலயே கால்சியம் 350 பக்கம் வந்து நிக்கும்.

கணக்குக்கு வருவோம். மூணு நாள்ல 1.2ன்னா ஒரு நாளைக்கு 0.4 டிகேஹெச். 100 லிட்டர் தண்ணியில 1 டிகேஹெச் ஏத்த சோடியம் பைகார்பனேட் 3 கிராம் வேணும், சோடா ஆஷ்னு சொல்ற சோடியம் கார்பனேட்டா இருந்தா 1.9 கிராம். உங்க 180 லிட்டருக்கு 0.4 ஏத்த பைகார்பனேட் நாளைக்கு 2.2 கிராம் ஆகுது. அதுக்கு ஜோடியா கால்சியம் 2.9 பிபிஎம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்ல 27 சதவீதம்தான் கால்சியம், அதனால 1.9 கிராம். கால்சியம் ஒண்ணு, ஆல்கலினிட்டி ஒண்ணுன்னு ஜோடியா வர்ற ரெடிமேட் டூ பார்ட் பாட்டில் வாங்கினா கிராம் கணக்கு வேண்டாம், இத்தனை மில்லி போட்டா 100 லிட்டர்ல இத்தனை டிகேஹெச் ஏறும்னு லேபிள்லயே இருக்கும், உங்க 0.4க்கு எவ்வளவுன்னு அதுலேர்ந்து பிரிச்சுக்கோங்க. லேபிள்ல பெருசா போட்டிருக்கிற 'தினமும் இத்தனை மில்லி'ங்கறதைப் பாத்து ஊத்தாதீங்க, உங்க தொட்டி எவ்வளவு சாப்பிடுதுன்னு அந்த கம்பெனிக்கு எப்படித் தெரியும்.

இப்ப இருக்கிற 7.2லேர்ந்து 8.4க்கு திரும்பப் போகணும்னா அது தனிக் கணக்கு, தினசரி செலவு மேல நாளைக்கு அரை டிகேஹெச் வீதம் கூடுதலா போட்டு ரெண்டு மூணு நாள்ல ஏத்துங்க. ஒரு நாள்ல 1 டிகேஹெச்சுக்கு மேல ஏத்தவே ஏத்தாதீங்க. நான் உங்க இடத்துல இருந்தா 8ல நிறுத்திக்குவேன். 7லேர்ந்து 9க்குள்ள எந்த நம்பர் வேணா வச்சுக்கோங்க, தினம் அதே நம்பர்ல நிக்கணும், அதுதான் பவளத்துக்கு முக்கியம். டெஸ்ட்டும் தினம் ஒரே நேரத்துல பண்ணுங்க, லைட் எரியுற நேரத்துல செலவு அதிகம், காலையில ஒரு நாள் சாயங்காலம் ஒரு நாள்னு பாத்தா நம்பர் குழப்பும்.

பவளம் வளர வளர இந்த 0.4 ஏறும், அதனால மாசத்துக்கு ஒரு தடவையாவது கணக்கைத் திரும்பப் பாத்துடுங்க.

கேள்வி: காலையில பிஹெச் 7.9 காட்டுது. 8.3 வரணும்னு பஃபர் பவுடர் தினமும் போடுறேன், ஏறுது, மறுநாள் திரும்ப இறங்கிடுது. இப்ப ஆல்கலினிட்டி 12, கால்சியம் 370, மெக்னீசியம் 1150. கால்சியம் எவ்வளவு ஊத்தினாலும் ஏற மாட்டேங்குது, ஹீட்டர் மேலயும் பம்ப் மேலயும் வெள்ளையா படியுது. என்ன பண்றதுன்னே தெரியல.

பதில்: பதறாதீங்க, இது சரி பண்ணக் கூடியதுதான். இன்னைக்கே பஃபரை நிறுத்துங்க. அந்த பவுடர் ஆல்கலினிட்டி சரக்குதான், பேரு மட்டும்தான் வேற. நீங்க பிஹெச்சை ஏத்துறதா நினைச்சு தினமும் ஆல்கலினிட்டியை ஏத்திட்டு இருந்திருக்கீங்க, தண்ணி தாங்க முடியாம ஹீட்டர் மேல சுண்ணாம்பா கக்குது, நீங்க ஊத்துற கால்சியமும் அதுலதான் போய்ச் சேருது. சூடான இடத்துல கால்சியம் கார்பனேட் சீக்கிரம் படியும், அதனாலதான் ஹீட்டரும் பம்ப்பும் முதல்ல மாட்டுது.

காலையில 7.9 பெரிய தப்பே இல்ல. ராத்திரி முழுக்க எல்லா உயிரும் மூச்சு விட்டு கார்பன் டை ஆக்ஸைடு தண்ணியில சேரும், விடியக்காலையில பிஹெச் கம்மியாத்தான் இருக்கும், லைட் போட்டு பாசியும் பவளமும் அந்த வாயுவை எடுத்துக்கிட்டதும் மேல ஏறும். மூடின ரூம்ல ஆளுங்க நிறைய இருந்தா அறைக் காத்துலயே கார்பன் டை ஆக்ஸைடு அதிகமா இருக்கும், எந்த பவுடராலயும் அதை வெளியேத்த முடியாது. ஜன்னலைத் திறந்து வச்சு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு பிஹெச் பாருங்க, ஏறியிருந்தா காரணம் தெரிஞ்சுபோச்சு, அப்ப ஸ்கிம்மர் (அழுக்கை நுரையா பிரிச்சு எடுக்கிற கருவி) காத்து இழுக்கிற ட்யூபை வெளிக்காத்துக்குக் கொண்டு போறது நல்ல வழி.

அடுத்து மெக்னீசியம். கடல்ல அது சுமார் 1290 பிபிஎம். கால்சியம் கார்பனேட் படிகம் உருவாக ஆரம்பிக்கும்போது மெக்னீசியம் அது மேல ஒட்டிக்கிட்டு வளர விடாம தடுக்கும், அது கம்மியானா படியுறது இன்னும் சுலபமாயிடும். ஆனா மெக்னீசியம் வாங்க ஓடுறதுக்கு முன்னாடி சாலினிட்டி, அதாவது தண்ணியோட உப்பளவு பாருங்க, கேலிப்ரேஷன் திரவம் வச்சு ரிஃப்ராக்டோமீட்டரை சரி பண்ணிட்டுப் பாருங்க. 1150ம் 370ம் ஒண்ணா கம்மியா இருக்கிறதைப் பாத்தா எனக்கு உப்பு மேலதான் சந்தேகம். அடர்த்தி 1.026 இருக்க வேண்டிய இடத்துல 1.023 இருந்தா மெக்னீசியம் தானாவே 1140 பக்கம் வந்துடும், கால்சியமும் 365 பக்கம்தான் இருக்கும். அப்படி இருந்தா சில நாள்ல மெதுவா உப்பை ஏத்தினாலே ரெண்டும் பெரும்பாலும் சரியாயிடும். சாலினிட்டி சரியா இருந்து மெக்னீசியம் மட்டும் கம்மின்னா, 100 லிட்டருக்கு 100 பிபிஎம் ஏத்த மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 84 கிராம் பிடிக்கும், பாக்க பெருசா இருக்கும், பயப்படாம ரெண்டு மூணு நாளா பிரிச்சுப் போடுங்க. ஆல்கலினிட்டி 9க்குள்ள இறங்குற வரைக்கும் கால்சியத்தைத் தொடாதீங்க.

கேள்வி: கால்க்வாசர் நல்லதா, டூ பார்ட் நல்லதா, கால்சியம் ரியாக்டர் நல்லதா?

பதில்: மூணுமே கடைசியில குடுக்கிறது கால்சியமும் ஆல்கலினிட்டியும்தான், வர்ற வழிதான் வேற.

கால்க்வாசர்னா கால்சியம் ஹைட்ராக்சைடு கரைச்ச தண்ணி. லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்கு மேல பெருசா கரையாது, மிச்சம் அடியில வெள்ளையா தங்கும், மேல தெளிஞ்ச தண்ணியைத்தான் எடுக்கணும். ஆவியாகிப் போற தண்ணிக்குப் பதிலா இதையே சொட்டு சொட்டா விட்டா தனி டோஸே வேண்டாம், கால்சியமும் ஆல்கலினிட்டியும் பவளம் எடுக்கிற அதே விகிதத்துல போய்ச் சேரும், கூடவே கார்பன் டை ஆக்ஸைடையும் பிடிச்சுக்கிறதால பிஹெச் ஏறும். பிஹெச் கம்மியா இருக்கிற தொட்டிக்கு எனக்குப் பிடிச்ச வழி இதுதான். மேல கேட்ட 180 லிட்டர் தம்பிக்கு நாளைக்கு 2 லிட்டர் ஆவியாகுதுன்னு வைங்க, அதை முழுசும் தெளிஞ்ச கால்க்வாசரா விட்டா 1.2 டிகேஹெச் வரைக்கும் குடுக்கும், அவருக்கு வேண்டியது 0.4தான், அதனால கம்மியா கரைச்சுக்கலாம். எஸ்பிஎஸ் நெருக்கமா வச்சிருக்கிறவங்களுக்கு ஆவியாகுற தண்ணி அளவுக்குள்ள தேவை அடங்காமப் போகலாம். ஒண்ணு மட்டும் கவனம், இதோட பிஹெச் 12க்கு மேல, ஆவியான தண்ணியைத் தானா நிரப்புற ஆட்டோ டாப் ஆஃப் கருவி ஒரு தடவை மாட்டிக்கிட்டு மொத்த வாளியையும் உள்ள தள்ளிட்டா தொட்டி தாங்காது. கண்ணாடி, கையுறை போட்டுக்கிட்டு கலக்குங்க, கண்ணுல பட்டா ஆபத்து.

டூ பார்ட் எந்த அளவு தொட்டிக்கும் சரி, மில்லி கணக்குல கட்டுப்படுத்தலாம். கால்சியம் குளோரைடும் பைகார்பனேட்டும் சேர்ந்து கடைசியில சாதா உப்பை மிச்சம் விடும், அதனால சாலினிட்டி மெல்ல ஏறும், மாசத்துல சில தடவை பாத்து சரி பண்ணிக்கோங்க. ஹான்ஸ் வெர்னர் பாலிங் பேருல இருக்கிற பாலிங் முறையில மூணாவதா சோடியம் குளோரைடு இல்லாத உப்பு ஒண்ணு சேக்குறது இந்த சமநிலைக்காகத்தான். ரியாக்டர்ல கார்பன் டை ஆக்ஸைடு விட்டு அரகொனைட்ங்கற சுண்ணாம்புக் கல்லைக் கரைப்பாங்க, பெரிய எஸ்பிஎஸ் தொட்டிக்கு நல்லா ஓடும், பிஹெச்சை கொஞ்சம் இழுக்கும், 200 லிட்டருக்கு அது தேவையில்ல.

கேள்வி: அயோடின், ஸ்ட்ரான்ஷியம் போட்டா கலர் நல்லா வருமாமே?

பதில்: போடாதீங்க. கடல்ல ஸ்ட்ரான்ஷியம் 8 பிபிஎம், அயோடின் 0.06 பிபிஎம், உப்புலயே இது ரெண்டும் வருது. அயோடின் அதிகமானா விஷம், வீட்டு கிட்டுல அதை நம்பி அளக்குறதும் கஷ்டம். லேப்க்கு தண்ணி அனுப்பி, ஒவ்வொரு தனிமமும் எவ்வளவு இருக்குன்னு அளக்குற ஐசிபி டெஸ்ட் பண்ணி நிஜமாவே கம்மின்னு வந்தா அப்ப யோசிக்கலாம்.

கேள்வி: அக்ரோபோரா (ஒரு எஸ்பிஎஸ் பவளம்) நுனி எல்லாம் வெள்ளையா எரிஞ்ச மாதிரி போகுது. ஆல்கலினிட்டி 11, கால்சியம் 440, நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. தண்ணி இவ்வளவு சுத்தமா இருந்தும் ஏன் சார் இப்படி?

பதில்: அந்த சுத்தம்தான் பிரச்சனை. உங்க லெட்டரைப் படிச்சதும் மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு, இவ்வளவு அக்கறையா பாத்துக்கிட்டும் பவளம் போகுதுன்னா வலிக்கும். ஆல்கலினிட்டி கூட இருந்தா எலும்பு வேகமா வளரப் பாக்கும், ஆனா சதை வளரவும் உள்ள இருக்கிற பாசி வாழவும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேணும், அது இல்லாம எலும்பு முன்னாடி ஓட சதை பின்னாடி வர முடியாம நுனி உரிஞ்சு போகுதுன்னுதான் நாங்க இதைப் புரிஞ்சுக்கிறோம். நிறம் வெளுக்கிறதும் இதோட வரும், டைனோனு சொல்ற பழுப்பு வழவழப்பு வர்றதும் நைட்ரேட் பாஸ்பேட் ரெண்டும் பூஜ்யமா இருக்கிற தொட்டியிலதான் அதிகம்.

பாக்டீரியாவை வளத்து நைட்ரேட்டைக் குறைக்க வோட்கா, வினிகர்னு கார்பன் டோஸ் பண்ணிட்டு இருந்தா படிப்படியா குறைச்சு நிறுத்துங்க. பாஸ்பேட் உறிஞ்சுற ஜிஎஃப்ஓவை எடுத்துடுங்க. மீனுக்கு சாப்பாடு கொஞ்சம் கூட்டுங்க, இதுதான் இருக்கிறதுலயே நல்ல சப்ளிமென்ட்னு நான் சொல்லுவேன். நைட்ரேட் 2லேர்ந்து 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03லேர்ந்து 0.1 பிபிஎம், இதுக்குள்ள வந்தா போதும். ஆல்கலினிட்டியை டோஸ் குறைச்சு ஒரு வாரம் பத்து நாள்ல 8க்குக் கொண்டு வாங்க. எரிஞ்ச நுனி திரும்ப சதை மூட நாளாகும், தினம் ஒரு மருந்து மாத்தாம விட்டுடுங்க.

கேள்வி: டோஸிங் பம்ப் வாங்கிட்டேன். ரெண்டு ட்யூபையும் ஒரே இடத்துல விடலாமா?

பதில்: கூடாது. கால்சியமும் ஆல்கலினிட்டியும் அடர்த்தியா நேருக்கு நேர் சந்திச்சா அங்கயே வெள்ளையா படிஞ்சுடும், காசும் போச்சு, தண்ணியும் கலங்கும். சம்ப்ல (தொட்டியோட சேர்ந்த, கருவிங்க வைக்கிற துணைத் தொட்டி) தண்ணி வேகமா ஓடுற ரெண்டு தனித்தனி இடத்துல விடுங்க, நேரத்தையும் அரை மணியாவது தள்ளி வைங்க. ஆல்கலினிட்டியை நாள் முழுக்க சின்னச் சின்ன டோஸா பிரிச்சா நல்லது, கால்சியத்துக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டாம். ட்யூப் நுனி தண்ணிக்குள்ள மூழ்கக் கூடாது, மேலயே நிக்கணும், இல்லைன்னா பாட்டில் காலியாகுற வரைக்கும் சைஃபன் ஆகுற வாய்ப்பு இருக்கு, நுனியில சுண்ணாம்பு அடைக்கவும் செய்யும். பம்ப் உள்ள இருக்கிற ரப்பர் ட்யூப் தேய தேய அளவு மாறும், அளவு குவளை வச்சு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை 10 மில்லி சொன்னா 10 மில்லி வருதான்னு பாருங்க.

கேள்வி: அவசரம். பையன் தெரியாம ஆல்கலினிட்டி பாட்டிலை கவுத்துட்டான். தண்ணி பால் மாதிரி ஆயிடுச்சு, ஆல்கலினிட்டி 14 காட்டுது.

பதில்: பையனைத் திட்டாதீங்க. வினிகர், ஆசிட் எதுவும் ஊத்தி இறக்கப் பாக்காதீங்க, ஏறினது ஒரு அடி, வேகமா இறக்குறது ரெண்டாவது அடி. எல்லா டோஸையும் நிறுத்துங்க, ஸ்கிம்மரும் பம்ப்பும் ஓடட்டும், ஏர் ஸ்டோன் இருந்தா போடுங்க. பால் மாதிரி தெரியுறது கால்சியம் கார்பனேட் பொடி, சில மணி நேரத்துலேர்ந்து ஒரு நாளுக்குள்ள தெளிஞ்சுடும், அது படியும்போதே ஆல்கலினிட்டியும் கொஞ்சம் இறங்கும். தெளிஞ்சதும் திரும்ப அளந்து பாருங்க. இன்னும் 12க்கு மேல இருந்தா ஆல்கலினிட்டி கம்மியா இருக்கிற உப்புல, அதே சூடு, அதே சாலினிட்டியில 15, 20 சதவீதம் மாத்துங்க. மிச்சத்தை பவளமே சாப்பிட்டு இறக்கும். கால்சியமும் இறங்கியிருக்கும், ஆல்கலினிட்டி 9க்கு வந்தப்புறம் அதைப் பாத்து சரி பண்ணுங்க.

கேள்வி: கால்சியம் குளோரைடு டப்பா கட்டியா ஈரமா ஆயிடுச்சு. யூஸ் பண்ணலாமா?

பதில்: கெட்டுப் போகல, காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்திருக்கு. ஆனா இப்ப எடை போட்டா பாதி தண்ணியை எடை போடுறீங்க, கிராம் கணக்கு தப்பா வரும். மொத்தத்தையும் ஆர்ஓ டிஐ தண்ணியில (உப்பெல்லாம் நீக்கின சுத்தத் தண்ணி) கரைச்சு ஒரு பாட்டில்ல வச்சுக்கோங்க, தண்ணியை முதல்ல எடுத்துட்டு அதுல உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, நல்லா சூடாகும், கண்ணாடி ஜாடி வேண்டாம். அப்புறம் தொட்டித் தண்ணி 1 லிட்டர் தனியா எடுத்து கால்சியம் அளந்துட்டு, கரைசல்ல 1 மில்லி போட்டு கலக்கி திரும்ப அளந்து பாருங்க, எவ்வளவு ஏறுதோ அதை வச்சு லேபிள் எழுதி ஒட்டிடுங்க.